சேமிப்பு சர்வருக்கு எந்த பூட் டிரைவ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் மூன்று நான்கு ஹார்டு டிஸ்க்கை மாட்டி, வீட்டுப் படங்களையோ ஆபீஸ் ஃபைல்களையோ ஒரே இடத்தில் சேர்த்து வைக்க நினைக்கும் நண்பர்களுக்குச் சில வருடங்களாக உதவி வருகிறேன். டேட்டா டிஸ்க் எது, எத்தனை டிபி என்பதையெல்லாம் அவர்களே நன்றாக விசாரித்துவிட்டு வருகிறார்கள். பூட் டிரைவ் என்று வந்ததும்தான் குழப்பம் தொடங்குகிறது. வீட்டுக்குக் கேட்டாலும் சரி, ஆடிட்டர் ஆபீஸுக்கோ கல்யாண போட்டோ ஸ்டுடியோவுக்கோ கேட்டாலும் சரி, கேள்விகள் ஏறக்குறைய இவைதான். அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் ட்ரூநாஸ் என்ற சேமிப்பு சர்வர் மென்பொருளை மனதில் வைத்தவை. அதே வேலைக்கான ஓபன்மீடியாவால்ட்டும் அன்ரெய்டும் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பூட் டிரைவ்னு தனியா எதுக்கு? நாலு ஹார்டு டிஸ்க் வாங்கியாச்சு, அதுல ஒண்ணுலயே போட்டுடலாமே?

சர்வரை இயக்கும் மென்பொருள் உட்காரும் இடம்தான் பூட் டிரைவ். ட்ரூநாஸ் தனக்குக் கொடுத்த டிஸ்க்கை முழுசாக எடுத்துக்கொள்ளும். அதில் உங்கள் ஃபைல் ஒன்றைக்கூட வைக்க விடாது. 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் போட்டால், சில ஜிபி மென்பொருளுக்காக 4 டிபியும் போய்விடும்.

ஓபன்மீடியாவால்ட் டெபியன் லினக்ஸின் மேல் நிற்பது. அதில் கொஞ்சம் மெனக்கெட்டால் டிஸ்க்கைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் நாளைக்கு மென்பொருளைப் புதிதாகப் போட வேண்டி வந்தால், டேட்டா இருக்கும் அதே டிஸ்க்கில் கை வைக்க வேண்டும். அந்த ஒரு நிமிடப் பதற்றத்துக்காகவாவது தனி டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். சினாலஜி மாதிரி ரெடிமேட் பெட்டி வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நீங்கள் மாட்டும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது சிறிய பகுதியை ஒதுக்கி, மென்பொருளை அவற்றில் நகலாக வைத்துக்கொள்கிறது.

பூட் டிரைவ் செத்துப்போனா உள்ள இருக்கிற போட்டோ எல்லாம் போயிடுமா அண்ணா?

போகாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பல டேட்டா டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கிய தொகுப்புக்குப் பூல் என்று பெயர். ட்ரூநாஸ் டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கப் பயன்படுத்தும் முறையான இசட்எஃப்எஸ், 'இந்த டிஸ்க் எந்தப் பூலைச் சேர்ந்தது, கூட இருக்கும் டிஸ்க்குகள் எவை' என்ற விவரத்தை டேட்டா டிஸ்க்குகளிலேயே எழுதி வைக்கிறது. ஒவ்வொன்றிலும் நான்கு பிரதிகள்: தொடக்கத்தில் இரண்டு, கடைசியில் இரண்டு. பல டிஸ்க்கை ஒன்றாக இயக்கும் லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டும் தன் விவரத்தை அந்தந்த டிஸ்க்கிலேயே வைத்திருக்கும். அதனால் வேறொரு பூட் டிரைவில் மென்பொருளைப் புதிதாகப் போட்டு, பூலை இம்போர்ட் செய்தால் எல்லாம் அப்படியே திரும்ப வரும்.

போவது அமைப்புகள். யார் யார் யூசர், எந்த ஃபோல்டர் யாருக்குத் திறக்கும், ஐபி முகவரி என்ன, ஸ்னாப்ஷாட் (ஃபைல்களின் அந்த நேரத்து நிலைப் பதிவு) எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பூட் டிரைவில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற கான்ஃபிக் என்ற ஒரு சிறிய ஃபைல் போதும், கீழே வருகிறது. பூலை என்கிரிப்ட் செய்தவர்களுக்கு (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியவர்களுக்கு) மட்டும் ஒரு ஆபத்தான விதிவிலக்கு உண்டு. அதையும் தனிக் கேள்வியாக வைத்திருக்கிறேன், தவறாமல் படியுங்கள்.

எத்தனை ஜிபி வாங்கணும்? 1 டிபி போட்டா இன்னும் ஃபாஸ்டா இருக்குமா?

ட்ரூநாஸ் கேட்கும் குறைந்தபட்ச அளவு 16 ஜிபி. ஒவ்வொரு முறை அப்டேட் செய்யும்போதும் பழைய பதிப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருக்கும். புதியது சரிவரவில்லை என்றால் பூட் ஆகும்போதே பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். மிக நல்ல வசதி. ஒவ்வொரு பதிப்பும் சில ஜிபி எடுக்கும் என்பதால் 16 சீக்கிரமே நிறைந்துவிடும். 32 இருந்தால் சமாளிக்கலாம், 64 தாராளம். கடையில் சுலபமாகக் கிடைக்கும் சிறிய எஸ்எஸ்டியே 120 அல்லது 128 ஜிபி என்பதால் அதையே வாங்கிவிடுங்கள்.

1 டிபி போட்டால் வேகம் கூடாது. ஃபைல் போகிற வருகிற வேகத்தைத் தீர்மானிப்பவை டேட்டா டிஸ்க்குகளும் ரேமும் நெட்வொர்க்கும்தான்.

120 ஜிபில 100 ஜிபி சும்மா கிடக்கே, அதை எப்படியாவது யூஸ் பண்ண முடியாதா?

கைவேலை தெரிந்தவர்கள் இன்ஸ்டாலரை மாற்றி, டிஸ்க்கைப் பிரித்து, மீதி இடத்தைப் பூலாக்கியதை நானும் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும். ஆனால் மென்பொருளை எழுதியவர்கள் எதிர்பார்க்காத ஒன்றை நீங்கள் செய்திருக்கிறீர்கள். அடுத்த அப்டேட்டிலோ டிஸ்க் மாற்றும் நாளிலோ எது எங்கே உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. மீதி இடத்தை பூலுக்கு கேஷாக (வேகத்துக்கான தற்காலிக இடமாக) மாட்டுவதும் இதே கதைதான்.

கன்டெய்னர் (சர்வரில் தனியாக ஓடும் ஆப்), மீடியா சர்வர் என்று வேகமான இடம் வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு எஸ்எஸ்டி வாங்கித் தனிப் பூல் போடுங்கள். காலியாக இருக்கும் இடம் வீணும் இல்லை. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் எழுதும் வேலையை அந்த இடம் முழுவதும் பரப்பிச் செய்வதால் டிஸ்க்கின் ஆயுள் நீளும்.

பென்டிரைவ்ல போட்டா போதும்னு பழைய வீடியோல எல்லாம் சொல்றாங்களே சார்?

ஒரு காலத்தில் அது சரியான ஆலோசனைதான். ட்ரூநாஸின் முந்தைய பெயர் ஃப்ரீநாஸ், 2005-இல் தொடங்கியது. அன்றைக்கு மொத்த மென்பொருளும் ஒரு சிறிய இமேஜ். பென்டிரைவிலிருந்து படித்துக்கொண்டு, அதில் எழுதுவதை முடிந்தவரை தவிர்த்துவிடும். படிப்பதால் பென்டிரைவ் தேயாது, அதனால் வருடக்கணக்கில் ஓடியது. 2014 இறுதியில் வந்த 9.3 பதிப்பில் பூட் டிரைவும் இசட்எஃப்எஸ்ஸுக்கு மாறியது. மேலே சொன்ன, பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி அதனால்தான் கிடைத்தது. கூடவே எழுதும் வேலையும் கூடியது. பழைய ஆலோசனை மட்டும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது.

பென்டிரைவில் இருக்கும் கன்ட்ரோலர் எளிமையானது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதுவதைப் பரப்பிவிடும் திறமை எஸ்எஸ்டி அளவுக்கு அதில் இருக்காது. 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று முன்கூட்டியே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையும் பெரும்பாலானவற்றில் கிடையாது. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு ஸ்டுடியோவில், தை மாதக் கல்யாண சீசன் நடுவில், ஒரு கரன்ட் கட்டுக்குப் பிறகு சர்வர் எழவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய பென்டிரைவ். படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஆனால் யூசர், பாஸ்வேர்டு, ஷேர் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மறுபடி உருவாக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. ஆல்பம் கேட்டு வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு அந்த வேலையைச் செய்தது இன்றும் மறக்கவில்லை.

அப்போ அன்ரெய்டு மட்டும் பென்டிரைவ்தான் கேக்குது?

அன்ரெய்டின் வழி வேறு. பூட் ஆகும்போது எல்லாவற்றையும் ரேமுக்குள் ஏற்றிக்கொண்டு, அதன் பிறகு பென்டிரைவைப் பெரும்பாலும் தொடாது. அமைப்புகளை மாற்றினால் மட்டும் எழுதும். லைசென்ஸ் அந்தப் பென்டிரைவின் தனி அடையாள எண்ணோடு கட்டப்பட்டிருப்பது இன்னொரு காரணம். அதனால் பெயர் தெரிந்த கம்பெனியின் அசல் பொருளாகப் பார்த்து வாங்குங்கள். போலிகளில் பல பென்டிரைவுக்கு ஒரே எண் இருக்கும், லைசென்ஸ் ஏறாது. யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் சூடு குறைவு. பென்டிரைவ் முழுவதையும் நகல் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்டா எஸ்எஸ்டியா, என்விஎம்இயா? எது நல்லது?

சாட்டா கேபிளில் மாட்டும் பழைய வகை, என்விஎம்இ பெரும்பாலும் போர்டின் எம்.2 இடத்தில் நேராகச் செருகும் வேகமான வகை. பூட் டிரைவ் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். சர்வர் எழும் நேரத்தில் பெரும்பகுதி மதர்போர்டு தன்னைச் சோதித்துக்கொள்வதிலும் டிஸ்க்குகளைக் கண்டுபிடிப்பதிலும் போகிறது. அப்புறம் மாதக்கணக்கில் அணைக்கப்போவதில்லை. அங்கே சில நொடி மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

விலையைப் பார்ப்பதற்கு முன் மதர்போர்டின் மேனுவலைத் திறந்து பாருங்கள். பல போர்டுகளில் எம்.2 இடத்தில் ஒரு டிஸ்க்கைச் செருகினால் ஒன்று அல்லது இரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். ஆறு டேட்டா டிஸ்க் திட்டமிட்டவருக்கு ஐந்துதான் தெரியும். டிஸ்க் பழுதென்று கடைக்கு எடுத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, ஏறக்குறைய 2014-க்கு முந்தைய போர்டுகளில் பெரும்பாலானவை என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாது. அடாப்டர் கார்டில் மாட்டினால் டிஸ்க் தெரியும், ஆனால் பயாஸின் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) பூட் பட்டியலில் வராது. பழைய டெஸ்க்டாப் என்றால் சாட்டாவிலேயே போய்விடுங்கள்.

போர்டுல நாலு சாட்டாதான் இருக்கு. நாலும் டேட்டாவுக்கே சரியாப் போயிடுது. பூட்டை எங்க மாட்டுறது?

போர்ட்டைப் பறிக்காத எம்.2 இடம் இருந்தால் அதுதான் முதல் வழி. அது இல்லை என்றால், சாட்டா போர்ட் கூட்டித்தரும் கார்டு ஒன்றை வாங்கி, டேட்டா டிஸ்க்குகளை அதற்கு மாற்றி, பூட் டிரைவை மதர்போர்டின் சொந்த போர்ட்டில் வையுங்கள். பூட் டிரைவைக் கார்டில் மாட்டினால் சில பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது. கார்டு வாங்கும்போது, ஒரே வழியைப் பல டிஸ்க்குக்குப் பிரித்துக் கொடுக்கும் போர்ட் மல்டிப்ளையர் வகையைத் தவிருங்கள். இசட்எஃப்எஸ்ஸோடு அது ஒத்துப்போவதில்லை. சர்வர் மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு சாட்டா டாம் என்று விரல் அளவு துண்டு கிடைக்கும். போர்ட்டிலேயே நேராகச் செருகலாம். அதுவும் ஒரு சாட்டா போர்ட்டை எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது வழி, சாட்டா எஸ்எஸ்டியை யூஎஸ்பி கேஸில் போட்டு மாட்டுவது. உள்ளே இருப்பது நிஜமான எஸ்எஸ்டி என்பதால் பென்டிரைவைப் பற்றிச் சொன்ன தேய்மானக் கவலை இங்கே இல்லை. பலவீனம் சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும், கேஸில் இருக்கும் பிரிட்ஜ் சிப்தான். சில சிப்கள் திடீரென்று இணைப்பைத் துண்டிக்கும், சில ஸ்மார்ட் அறிக்கையை மறைக்கும். ஹப் வேண்டாம், பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு நம்புங்கள்.

பழைய லேப்டாப்ல கழட்டின ஹார்டு டிஸ்க் ஒண்ணு சும்மா கிடக்கு. அது ஆகாதா?

ஸ்மார்ட் அறிக்கையில் ரீஅலோகேட்டட், பெண்டிங் செக்டர் (பழுதான, பழுதாகலாம் என்று சந்தேகிக்கும் இடங்கள்) எண்ணிக்கை சுழியம் என்று இருந்தால் தாராளமாகப் போடுங்கள். பெரிய 3.5 இன்ச் ஹார்டு டிஸ்க் என்றால் மட்டும் யோசியுங்கள். சும்மா சுற்றுவதற்கே 5 வாட் எடுத்தால்கூட வருடத்துக்கு 44 யூனிட் கரன்ட்.

மலிவு எஸ்எஸ்டி சீக்கிரம் தேஞ்சுடாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிங்ஸ்டன் ஏ400 என்ற சாதாரண எஸ்எஸ்டியின் 120 ஜிபி மாடலுக்குக் கம்பெனி சொல்லும், ஆயுள் முழுக்க எழுதக்கூடிய அளவு 40 டிபி. உங்கள் பூட் டிரைவில் தினமும் 10 ஜிபி எழுதப்படுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3.65 டிபி. 40 டிபியைத் தொட ஏறக்குறைய பதினோரு வருடம் ஆகும். அதற்குள் மதர்போர்டையே மாற்றியிருப்பீர்கள்.

எழுதுவதைக் குறைக்கவும் வழி இருக்கிறது. லாக் (சர்வரின் நிகழ்வுப் பதிவு) போன்றவை சேரும் சிஸ்டம் டேட்டாசெட்டை (பூலுக்குள் தனியாகப் பிரித்த பகுதி), நீங்கள் உருவாக்கும் முதல் டேட்டா பூலுக்கு ட்ரூநாஸ் தானே மாற்றிக்கொள்ளும். அதைத் திரும்ப பூட் பூலுக்குக் கொண்டுவராதீர்கள். ஓபன்மீடியாவால்ட்டில் ஃபிளாஷ்மெமரி என்ற பிளகின் உண்டு. அடிக்கடி எழுதப்படும் ஃபோல்டர்களை ரேமில் வைத்துக்கொண்டு, அணைக்கும்போது டிஸ்க்கில் எழுதும். எஸ்டி கார்டு, பென்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு அது அவசியம்.

உண்மையில் மலிவு எஸ்எஸ்டிகள் தேய்ந்து சாவதை நான் பார்த்ததில்லை. கன்ட்ரோலர் பழுதாகி ஒரே நாளில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காணாமல் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். விலை கூடிய எஸ்எஸ்டிக்கும் அது நடக்கலாம். அதனால் டிஸ்க்குக்குக் கூடுதல் ஆயிரம் ரூபாய் செலவழிப்பதைவிடக் கான்ஃபிக் ஃபைலை எடுத்து வைப்பதற்கு ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

கான்ஃபிக் கான்ஃபிக்னு சொல்றீங்க, அது எங்க இருக்கு, எங்க வைக்கணும்?

ட்ரூநாஸில் சிஸ்டம் மெனுவுக்குள் போனால் மேனேஜ் கான்ஃபிகரேஷன் என்று இருக்கும். டவுன்லோட் அழுத்தியதும் 'பாஸ்வேர்ட் சீக்ரெட் சீட்' சேர்க்கவா என்று கேட்கும். கட்டாயம் டிக் செய்யுங்கள். அமைப்புகளில் இருக்கும் பாஸ்வேர்டுகள் பூட்டிய நிலையில் சேமிக்கப்படுகின்றன, அந்தப் பூட்டின் சாவிதான் இந்த சீட். அது இல்லாமல் வேறு பூட் டிரைவில் ஏற்றினால் கிளவுட் பேக்கப், மெயில் எச்சரிக்கை, ரெப்ளிகேஷன் (வேறு சர்வருக்கு நகல் அனுப்புவது) எல்லாம் பாஸ்வேர்டு இல்லாமல் நிற்கும். சாவி உள்ளே இருப்பதால் அந்த ஃபைலைக் கண்ட இடத்தில் போடாதீர்கள்.

எங்கே வைப்பது? அந்தச் சர்வரில் மட்டும் வைக்கக்கூடாது. பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டின மாதிரி ஆகிவிடும். உங்கள் லேப்டாப்பில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. யூசர், ஷேர் எதையாவது மாற்றினால் புதிதாக எடுங்கள்; அப்டேட்டுக்கு முன்னால் எப்போதும் எடுங்கள். ஓபன்மீடியாவால்ட்டில் இப்படி ஒரே ஃபைலைத் திரும்ப ஏற்றும் வசதி கிடையாது. அங்கே பூட் டிரைவ் முழுவதையும் இமேஜாக நகல் எடுத்து வைப்பதுதான் நடைமுறை.

பூலை என்கிரிப்ட் பண்ணியிருக்கேன். பாஸ்வேர்டு எதுவும் கேக்காமத்தான் ஓபன் ஆகுது. பிரச்சினை இல்லதானே?

பிரச்சினை இருக்கிறது. பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கிறது என்றால், திறக்கும் சாவி பூட் டிரைவில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது பதிலில் சொன்ன விதிவிலக்கு இதுதான். பூட் டிரைவ் செத்து, சாவியின் நகலும் இல்லை என்றால் டேட்டா டிஸ்க் நான்கும் நல்ல நிலையில் இருந்தாலும் உள்ளே இருப்பது போனது போனதுதான். எந்த ரெக்கவரி கடையாலும் எடுக்க முடியாது.

இப்போதே ட்ரூநாஸின் டேட்டாசெட் பக்கத்துக்குப் போய் எக்ஸ்போர்ட் கீ மூலம் சாவி ஃபைலை இறக்கிக்கொள்ளுங்கள். கான்ஃபிக் ஃபைலோடு இரண்டு இடத்தில் வையுங்கள், அச்சடித்த பேப்பராகவும் ஒன்று இருக்கட்டும். சாவிக்குப் பதில் பாஸ்ஃபிரேஸ் (நீங்களே தட்டும் நீண்ட பாஸ்வேர்டு) வைத்தவர்கள் அதை மறக்காமல் இருந்தால் போதும்.

ரெண்டு பூட் டிரைவ் போட்டு மிரர் பண்ணணுமா?

மிரர் என்றால் ஒரே விவரத்தை இரண்டு டிஸ்க்கிலும் எழுதி வைப்பது. வீட்டுக்குத் தேவையில்லை. ஒரு நாள் சர்வர் நின்றால் ஒன்றும் ஆகாது, கான்ஃபிக் இருந்தால் அரைமணியில் எழுப்பிவிடலாம். ஆபீஸில் வேறு கணக்கு. பத்துப் பேர் அந்த ஃபைல்களை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள், சரிசெய்யத் தெரிந்த ஆள் வேறு ஊரில் இருக்கிறார் என்றால் மிரர் போடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போதே இரண்டு டிஸ்க்கையும் தேர்ந்தெடுக்கலாம், பிறகும் சேர்க்கலாம். இரண்டும் ஒரே கம்பெனி ஒரே மாடலாக வேண்டாம். ஒரே குறைபாடு இரண்டையும் ஒன்றாகச் சாய்க்கக்கூடும். பயாஸின் பூட் வரிசையில் இரண்டாவது டிஸ்க்கையும் சேர்த்துவிட்டு, முதலாவதைக் கழற்றி ஒருமுறை எழுகிறதா என்று பாருங்கள். இதைச் சோதிக்காமல் விட்ட மிரரை நம்ப வேண்டாம்.

மிரர் இருக்கிறது என்று கான்ஃபிக் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். தவறுதலாக ஒரு ஷேரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும்.

எங்க ஏரியால கரன்ட் அடிக்கடி போகும். பூட் டிரைவ் தாங்குமா?

இசட்எஃப்எஸ் பழையதன் மேலேயே எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுத்தான் மாறும் என்பதால் பாதி எழுதிய நிலையில் சிக்குவது அரிது. ஆனால் சாதாரண எஸ்எஸ்டிகளில் கரன்ட் போகும்போது தாக்குப்பிடிக்கும் கெபாசிட்டர் இருப்பதில்லை. கன்ட்ரோலர் தன் சொந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் போனால் டிஸ்க்கே எழாமல் போகலாம். யுபிஎஸ் ஒன்று வாங்கி, அதன் யூஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகுங்கள். பேட்டரி குறைந்ததும் சர்வர் தானே ஒழுங்காக அணையும். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பினால், மாறும் அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகக்கூடும்.

இன்ஸ்டால் பண்ணும்போது தப்பான டிஸ்க்கை அழிச்சிடுவேனோன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். சர்வரை அணைத்து, டேட்டா டிஸ்க் எல்லாவற்றின் சாட்டா கேபிளையும் கழற்றிவிடுங்கள். இன்ஸ்டாலரின் கண்ணில் பூட் டிரைவ் மட்டும்தான் படும். முடிந்ததும் மாட்டுங்கள். எந்த போர்ட்டில் எது இருந்தது என்ற வரிசைகூட மாறலாம், இசட்எஃப்எஸ் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பூட் டிரைவ் சாகப் போகுதுனு முன்னாடியே தெரியுமா?

பல நேரம் தெரியும். ட்ரூநாஸ் வாரத்துக்கு ஒருமுறை பூட் பூலை முழுசாகப் படித்துச் சரிபார்க்கிறது. அதில் செக்சம் எரர் (எழுதியதும் படித்ததும் பொருந்தாத பிழை) வந்தால் எச்சரிக்கை காட்டும்; மெயிலுக்கு வரும்படி அமைத்துவிடுங்கள். அப்டேட் பாதியில் தோற்பதும், ஃபைல்கள் நன்றாகத் திறக்கும்போது நிர்வாகப் பக்கம் மட்டும் திணறுவதும் அடையாளங்கள். அப்படி நடந்தால் முதலில் கை போகும் இடம் ரீஸ்டார்ட் பட்டனாகத்தான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். ரேமில் இருப்பதை வைத்து ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் திரும்ப எழாமல் போகலாம். முதலில் கான்ஃபிக்கையும் சாவியையும் இறக்குங்கள்.

செத்தே போச்சு. கான்ஃபிக்கும் எடுத்து வைக்கல. இப்ப என்ன பண்றது?

முதலில், புதிதாக இன்ஸ்டால் செய்த ட்ரூநாஸில் 'கிரியேட் பூல்' பக்கமே போகாதீர்கள். அது டிஸ்க்குகளை அழித்துவிட்டுத் தொடங்கும். நீங்கள் தேட வேண்டியது 'இம்போர்ட் பூல்'. வந்ததும் ஃபைல்கள் தெரியும். ஃபைல்கள் யாருடையவை என்பது பெயராக அல்லாமல் எண்ணாகப் பதிந்திருக்கும். யூசர்களை மறுபடி உருவாக்கும்போது பழைய எண்களையே கொடுத்தால் அனுமதிகள் பொருந்திக்கொள்ளும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ட்ரூநாஸ் தினமும் கான்ஃபிக்கின் நகல் ஒன்றைச் சிஸ்டம் டேட்டாசெட்டில் எழுதி வைக்கிறது. மேலே சொன்னபடி அந்த டேட்டாசெட் உங்கள் டேட்டா பூலில் இருந்திருந்தால், நகல்களும் பூலோடு பிழைத்திருக்கும். பூலை இம்போர்ட் செய்த பிறகு, அதற்குள் மறைந்திருக்கும் '.சிஸ்டம்' டேட்டாசெட்டில் 'கான்ஃபிக்ஸ்' என்று தொடங்கும் பகுதியில், பதிப்பு வாரியாகத் தேதியிட்டு அடுக்கியிருக்கும். கடைசித் தேதி ஃபைலை எடுத்து, அதே பதிப்பு ட்ரூநாஸில் ஏற்றினால் யூசரும் ஷேரும் திரும்ப வந்துவிடும். சீக்ரெட் சீட் மட்டும் அதில் இருக்காது. வெளிச்சேவைகளின் பாஸ்வேர்டுகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.